கீழ் வலது மூலை

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிதிரை ஒன்று இருந்தது. இருந்தது என்று சத்தியம் செய்தே சொல்வேன். அது வந்து இறங்கிய அட்டைப்பெட்டியை என் கண்ணால் பார்த்தேன். பயிற்சி நடந்த மூன்று வாரமும் அந்தப் பெட்டியின் மேல்தான் நாங்கள் சாப்பாட்டுப் பைகளை வைத்தோம்.

அறிதிரை என்பது சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் படம் வரும், பாடம் வரும், கணக்கு வரும். அதன் நெற்றியில் ஒரு கேமரா. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, யார் பாடத்தைக் கவனிக்கிறார்கள், யார் கவனிக்கவில்லை என்று அதுவே கண்டுபிடித்து வகுப்புக்கு மதிப்பெண் போடும். வாத்தியார் சொல்லித் தருவது சரியா தப்பா என்று மட்டும் அதற்குத் தெரியாது. அந்தச் சின்னக் குறையை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அறிதிரையை இயக்கத் தெரியாதவர்கள் இனிமேல் ஆசிரியராக முடியாது என்று உத்தரவு வந்திருந்தது.

முதல் நாள் இயக்குநர் வந்து பேசினார். கல்வித்துறையில் அவர்தான் அறிதிரைகளுக்கெல்லாம் தலைவர்.

“நாங்க ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியா கவனிக்கிறோம்” என்றார். “கவனிச்சு, கூட்டி, வகுத்து, ஒரே ஒரு எண்ணா ஆக்கிடறோம். அத்தனை குழந்தைகளும் என் மேஜை மேல ஒரு எண்ணா இருக்காங்க. காலையில வந்ததும் முதல்ல அந்த எண்ணைத்தான் பாக்கறேன். ஒரு புள்ளி குறைஞ்சாகூட எனக்குச் சோறு இறங்காது. குழந்தைங்கன்னா எனக்கு உயிரு.”

நாங்கள் நாற்பது பேர் கை தட்டினோம். பின் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நானாகவும் இருக்கலாம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, பத்து மாதம். நாற்பது ஆகிவிட்டால் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட முடியாது. பதினோரு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று அடுத்தவர்களின் சான்றிதழ்களை நகலெடுத்துக் கொடுத்தவள், எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்று வந்திருந்தேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகெலும்பில் அடிபட்டு ஒரு வருடமாகக் கட்டிலில் இருந்தார். இந்த முறை விட்டால் எனக்கு அடுத்த முறை கிடையாது.

நிஜ அறிதிரையை எங்களுக்குக் காட்டவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் தொட்டால் கைரேகை படியும், கண்ணாடி மங்கும் என்று அதை முதல்வர் அறைக்குப் பக்கத்து அறையில் போர்வை போர்த்திப் பூட்டிவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் அதற்கெல்லாம் அசரவில்லை. வகுப்பில் இருந்த பழைய கரும்பலகையில் சாக்பீஸால் ஓர் அறிதிரையை வரைந்தார். அடிமட்டம் வைத்து, அளந்து, நிஜமாகவே அழகாக வரைந்தார். நடுவில் ஒரு கேள்விக் கட்டம். அதற்குக் கீழே இடது மூலையில் ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான், வலது மூலையில் ‘சரி’ என்று ஒரு பொத்தான்.

“இதுதான் அறிதிரை. நான்தான் அதோட குரல்” என்றார். “நான் கேள்வி கேப்பேன், நீங்க அழுத்துங்க.”

நாங்கள் ஒவ்வொருவராகப் போய் சாக்பீஸ் பொத்தானை விரலால் அழுத்தினோம். அழுத்தியதும் அவர் வாயால் “டிங்!” என்பார். அன்றிலிருந்து அவர் டிங் சார்.

கேள்வி வந்து மூன்று நொடிக்குள் அழுத்த வேண்டும். தாண்டினால் ஒரு தயக்கப் புள்ளி. ஐந்து தயக்கப் புள்ளி வந்தால் வீட்டுக்குப் போகலாம். டிங் சார் கைக்கடிகாரத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். ஒலியைக் கூட்டவா? சரி. டிங். அடுத்த பக்கம் போகவா? சரி. டிங். படத்தைப் பெரிதாக்கவா? சரி. டிங். நாற்பது பேர், ஆளுக்கு ஐம்பது முறை, மூன்று வாரம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வலது ஆள்காட்டி விரல் மட்டும் வெள்ளையாக இருக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், இன்னிக்கும் சுண்ணாம்பு அடிச்சீங்களா?” என்பார். ஒரு வருடத்தில் அவர் கேலி பேசியது அந்த மூன்று வாரத்தில்தான்.

மூன்றாம் நாளே ஒன்று நடந்தது. டிங் சார் பலகையின் இடது பக்கம் சாய்ந்து நின்று பேசுகிற ஆள். அவர் சட்டை பட்டுப் பட்டு, ‘வேண்டாம்’ பொத்தான் அழிந்துபோனது. நான் எழுந்து கேட்டேன்.

“சார், அந்த இன்னொரு பொத்தானைத் திரும்ப வரையலையா?”

“எதுக்கும்மா? அதை யாரும் அழுத்தினதே இல்ல” என்றார்.

“எப்பவாவது தேவைப்பட்டா?”

“தேவைப்பட்டா தயங்குவீங்க. தயங்கினா புள்ளி விழும். அதுக்கு அது இல்லாம இருக்கறதே நல்லது.”

பிறகு அந்த இடம் வெறும் கறுப்பாகவே இருந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடம் நான் இயந்திரத்தின் சின்னத் திரையில் வரும் ஒவ்வொரு வார்த்தையையும் படித்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவேன். படிக்காமல் தொட்டால் காகிதம் சிக்கும், வாடிக்கையாளர் கத்துவார், முதலாளி அவருக்கு மேல் கத்துவார். அந்த நல்ல பழக்கத்தை மூன்றே வாரத்தில் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். கடைசி நாள் வேகத் தேர்வு. டிங் சார் என்னைப் பார்த்து, அறிதிரையின் குரலில், “இந்தக் கட்டடத்துக்கு நெருப்பு வைக்கவா?” என்று கேட்டார். என் விரல் முக்கால் நொடியில் கீழ் வலது மூலையில் இருந்தது. “டிங்!” என்றார். மதிப்பெண் தாளில் ‘மிக நன்று’ என்று எழுதினார். வகுப்பே மூக்கில் விரலை வைத்தது. வெட்கம் கெட்டவள், நான் சிரித்தேன்.

பிறகு செய்முறை. ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள், சுவரில் நிஜ அறிதிரை. மூன்று வாரம் பாடம் எடுக்க வேண்டும், கடைசி நாள் இயக்குநர் முன்னால் தேர்வுப் பாடம். வகுப்பு மதிப்பெண் தொண்ணூறைத் தொட்டால் சான்றிதழ்.

திரையின் அடியில் முப்பத்தொரு முகங்களும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். கவனிக்கிற முகத்தைச் சுற்றிப் பச்சை. கவனிக்காத முகத்தைச் சுற்றிச் சிவப்பு. எழுதினால் தலை குனியும், தலை குனிந்தால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் கவனமில்லை. அதனால் அறிதிரை ஓடுகிற நேரத்தில் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போது தலைமையாசிரியை முகப்பயிற்சி கொடுப்பார்.

“முகம் நேரா! கண்ணு பெருசா! எல்லாரும் சேர்ந்து இமைக்காதீங்க, மதிப்பெண் விழுது! முதல் வரிசை இமைச்சு முடிச்சப்புறம் ரெண்டாவது வரிசை இமைக்கணும்!”

அந்தக் குழந்தைகள் அதைச் சுத்தமாகக் கற்றிருந்தார்கள். முப்பது ஜோடிக் கண்கள் என்னை வெறித்துப் பார்க்கும். வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுத்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டால், “புரிஞ்சுது டீச்சர்!” என்று ஒரே குரல். பதினேழை மூன்றால் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டேன். முப்பது பச்சைக் கட்டங்களுக்கும் தெரியவில்லை. கண்ணை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள்.

“ரெண்டு” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அது சிவப்புக் கட்டம். அந்தக் கட்டத்தில் முகமே இல்லை, ஒரு நேர் வகிடும் இரண்டு பக்கமும் எண்ணெய் போட்டு வாரிய முடியும் மட்டும் தெரிந்தது.

பிள்ளைகள் அவளைப் பென்சில் என்று கூப்பிட்டார்கள். ஒன்பது வயதுக்கு ஒல்லி. கட்டைவிரல் நீளப் பென்சில் துண்டு ஒன்றும் அலமாரிக்குப் போகாமல் தப்பிய நோட்டு ஒன்றும் மடியில் வைத்திருப்பாள். நான் சொல்வதையெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்.

“கண்ணு, கொஞ்சம் நிமிந்து பாரேன். திரை உன்னைச் சிவப்புன்னு காட்டுது பாரு.”

“நிமிந்தா மண்டையில நிக்கல டீச்சர். கையால எழுதினாத்தான் நிக்குது” என்றாள். நியாயமாகச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான்.

தலைமையாசிரியையிடம் போய், “அந்தப் பொண்ணு கவனிக்காம இல்ல மேடம், எழுதறா. அதான் குனியறா” என்றேன். பெரிய நன்மை செய்வதாக நினைப்பு எனக்கு.

“எழுதறாளா?” என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “இத்தனை நாளா வகுப்புலயே உக்காந்து எழுதறாளா? ஏன் முன்னாடியே சொல்லல?” என்று ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டார். நல்லது செய்யப்போய் அவள் பெயரைப் புகார்ப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு வந்தேன்.

தேர்வுப் பாடத்தன்று கடைசி வரிசைக்குப் பின்னால் இயக்குநர், தலைமையாசிரியை, டிங் சார் மூவரும் உட்கார்ந்தார்கள். பாடம், மீதி வரும் வகுத்தல். வகுப்பில் எத்தனை பேரோ அதையே கணக்காகக் கொடுத்தேன். முப்பத்தொரு பேரை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் எத்தனை குழு? எத்தனை பேர் மீதி? முப்பது ஜோடிக் கண்களும் பளபளவென்று இருந்தன. ஒரு வகிடு குனிந்திருந்தது. மதிப்பெண் எண்பத்தேழுக்கு வந்தது, எண்பத்தெட்டுக்கு வந்தது, அங்கேயே நின்றது. பாட நேரம் முடிய இரண்டு நிமிடம்.

அப்போது பென்சில் கையைத் தூக்கினாள். எழுதுவதை நிறுத்தாமல், குனிந்தபடியே, இடது கையைத் தூக்கினாள்.

“ஆறு குழு டீச்சர். ஒருத்தர் மீதி. அந்த ஒருத்தரை என்ன பண்றது?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரை நடுவில் ஒரு கேள்விக் கட்டம் எழுந்தது. பின்னால் டிங் சாரின் கைக்கடிகாரம் மூக்கு உயரத்துக்குப் போவது கண்ணாடியில் தெரிந்தது. என் விரல் கீழ் வலது மூலையில் அழுத்தியது. டிங். நிஜ அறிதிரையின் சத்தமும் அச்சு அசல் அவர் வாய்ச் சத்தம்போலவே இருந்தது.

மதிப்பெண் தொண்ணூற்றொன்று ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். கட்டம் மறைகிற நொடியில்தான் அதில் இருந்ததைப் படித்தேன்: ‘கவனமில்லாத மாணவர் 1. நிரந்தரமாக நீக்கலாமா?’ திரையின் அடியில் முகங்கள் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்துகொண்டன. முப்பது பச்சைக் கட்டங்கள். மதிப்பெண் கணக்கிலிருந்து மட்டும் எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

மறுநாள் காலையில், பயிற்சிப் பதிவுகளை ஒப்படைக்கப் போனபோது தெரிந்தது. பள்ளி வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. அதன் பக்கத்தில் முகம் பார்க்கும் ஒரு பெட்டி. முகத்தைக் காட்டினால் “வணக்கம்” என்று சொல்லிக் கதவைத் திறக்கும். பென்சில் முகத்தைக் காட்டினாள். பெட்டி, “வெளியாள்” என்றது. தலையைச் சாய்த்துக் காட்டினாள், முடியை ஒதுக்கிக் காட்டினாள், சிரித்துக் காட்டினாள். “வெளியாள். வெளியாள். வெளியாள்.” மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மதியம் அவள் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிற வேலை. முழங்கைவரை சட்டை நனைந்திருந்தது. கம்பிக்கு வெளியே நின்றபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“டீச்சரம்மா, இவளை உள்ள விட மாட்டேங்குது. என்ன தப்பு பண்ணா? யாரையாவது அடிச்சாளா, எதையாவது எடுத்தாளா, சொல்லுங்க, நானே ரெண்டு வைக்கிறேன்.”

“அவ ஒண்ணும் பண்ணலம்மா” என்றேன்.

“ஏழு மாசம் அலைஞ்சு வாங்கின இடம் இது. வீடு மாறினதுல ஏற்கெனவே ஒரு வருஷம் பள்ளிக்கூடம் இல்லாம உக்காந்துட்டா. இன்னொரு வருஷம் போச்சுன்னா என்கூட வாளி தூக்கத்தான் வருவா. சேர்த்துக்கிட்டதுக்குக் காகிதம் இருக்கு, பாருங்க.”

மடித்து மடித்துக் கிழியப்போன ஒரு நகலைக் கம்பி வழியே நீட்டினாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. எங்கள் கடை இயந்திரத்தின் உருளையில் ஒரு கீறல் உண்டு, அங்கே எடுத்த எல்லா நகலிலும் அந்தக் கோடு விழும். நானே எடுத்துக் கொடுத்த நகல். “பத்திரமா வெச்சுக்கோங்க, தொலைச்சிடாதீங்க” என்று எல்லோரிடமும் சொல்வதுபோல இவளிடமும் சொல்லித்தான் கொடுத்திருப்பேன். அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் ஓடினேன்.

“காகிதமெல்லாம் இப்ப யாரு பாக்கறா?” என்றார். “பதிவேடு அறிதிரைக்குள்ள இருக்கு. அதுல அவ இல்ல. இல்லாத குழந்தையை உள்ள விட்டு, அது விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டா, இல்லாத மண்டைக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“மறுபடி சேர்த்துக்கலாமே மேடம்.”

“தாராளமா. சேர்க்கை அடுத்த வருஷம் திறக்கும். முன்னாடி படிச்ச பள்ளிக்கூடத்துலேருந்து விடுகைச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுங்க.”

“முன்னாடி படிச்சது இங்கதானே?”

“இங்கயா? அப்படி ஒரு குழந்தை இங்க படிச்சதாப் பதிவே இல்லையே” என்று நிஜமாகவே யோசனையோடு சொன்னார். பொய் சொல்கிற முகமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிங் சாரைத் தேடிப் பிடித்தேன். அடுத்த பயிற்சி அணிக்காகக் கரும்பலகையில் புது அறிதிரை வரைந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“நீக்குறதுக்குப் பொத்தான் இருக்கு. சேர்க்கிறதுக்குப் பொத்தான் அடுத்த பதிப்புல வரப்போகுதாம்” என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஒரு வழி இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பாடம் எடுத்தவங்களே ஏழு நாளைக்குள்ள அந்தப் பாடத்தை ரத்து பண்ணலாம். ரத்து பண்ணா பழைய நிலைக்குப் போயிடும், பேரு திரும்பி வந்துடும். ஏழு நாள் தாண்டினா பூட்டிக்கும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“ரத்து பண்ணா என் தேர்வு?”

“தேர்வும்தான் போகும். அடுத்த அணியில மறுபடி எழுதலாம்.”

“அடுத்த அணி முடியறப்ப எனக்கு நாற்பது ஆயிடும் சார்.”

அவர் சாக்பீஸ் தூள் படிந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “உண்மையைச் சொல்லட்டுமா? நிஜ அறிதிரையை நேத்துதான் நானும் முதல் தடவையா பாத்தேன். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அட்டையில வரைஞ்சுதான் சொல்லிக் குடுத்தாரு” என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள் இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் அறை வாசலில் என் புகைப்படத்தோடு ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்: ‘எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்று, ஒரே தொடுதலில்!’

“வாங்க, வாங்க! உங்களை மாதிரி முடிவெடுக்கிற ஆசிரியருங்கதான் வேணும்” என்று எழுந்தே நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

“அந்தக் குழந்தை எங்கேயும் போயிடலையே?” என்றார் கடைசியில். “அவங்க வீட்டுல பத்திரமா இருக்கு. பட்டியல்ல மட்டும்தான் இல்ல. யோசிச்சுப் பாருங்க. போன வாரம்வரைக்கும் அது கவனமில்லாத குழந்தை. இன்னிக்கு அதுக்கு அந்தக் கெட்ட பேரு கிடையாது. அது இனிமே எந்தத் தேர்விலயும் தோக்கப் போறதில்ல. இந்த வருஷம் எங்க கணக்குல படிக்காத குழந்தைன்னு ஒண்ணுகூட இல்ல, தெரியுமா? எப்படி முடிஞ்சுது? உங்களை மாதிரி ஆளுங்களாலதான்.”

“சார், அவளுக்குக் கணக்கு நல்லா வரும். வகுப்புல அவளுக்கு மட்டும்தான் வரும்.”

“அதெல்லாம் நம்ம அளக்கிறதில்லையேம்மா” என்றார் வருத்தமாக. என் வேலை உத்தரவில் கையெழுத்து ஆகிவிட்டதாகவும், தேர்வுப் பாடத்தில் பிரச்சினை ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த வாரம் கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். ‘ஒன்றும் இல்லாவிட்டால்’ என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஆறாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு என்ன தோணுதோ செய்” என்றார்.

நான் அடுப்படியில் இருந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது. பதறி ஓடி வந்தேன். ஒரு வருடமாகக் கழிவறைக்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டு போகிற மனிதர், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“ஐயோ, என்னங்க இது, விழுந்து வைக்கப் போறீங்க!”

“டீச்சர் பை மாட்ட ஓர் இடம் வேணாமா?” என்றார். ஆணி கோணலாகத்தான் இறங்கியிருந்தது. அவரைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தேன்.

ஏழாம் நாள். பள்ளி விடுகிற நேரத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே மதிலோரம் பென்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்திருக்கிறாள். ஜன்னல் வழியே கேட்கிற பாடத்தை அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். என்னைக் கண்டதும் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து நேராக நின்றாள்.

“டீச்சர், நான் வீட்டுல பழகிட்டேன். பாக்கறீங்களா?”

முகத்தை நிமிர்த்தினாள். கண்ணை அகல விரித்தாள். இமைக்காமல் என்னையே பார்த்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து மோவாய்க்கு வந்தது, அப்போதும் இமைக்கவில்லை.

“இனிமே எழுத மாட்டேன் டீச்சர். சத்தியமா எழுத மாட்டேன். அந்தத் திரைகிட்ட சொல்றீங்களா?”

“சொல்றேன்” என்றேன். “இங்கயே இரு.”

வகுப்பில் யாரும் இல்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அறிதிரையைத் தொட்டு, கைரேகை வைத்து, தேர்வுப் பாடத்தைத் தேடி எடுத்தேன். கேள்விக் கட்டம் வந்தது. இந்த முறை படித்தேன். ஜெராக்ஸ் கடையில் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். ‘இந்தப் பாடத்தை ரத்து செய்யலாமா? ரத்து செய்தால் தேர்வு முடிவு நீங்கும். நீக்கப்பட்ட மாணவர் 1 மீண்டும் சேர்க்கப்படுவார். கடைசி நாள் இன்று.’ கீழ் வலது மூலையில் சரி. கீழ் இடது மூலையில், டிங் சாரின் சட்டை அழித்த அதே இடத்தில், வேண்டாம்.

மூன்று நொடி போனது. ஒரு தயக்கப் புள்ளி. ஆறு நொடி. ஒன்பது. நான் அந்த நகலை நினைத்தேன், அதன் ஓரத்துக் கோட்டை நினைத்தேன். அந்த ஆணியை நினைத்தேன். ஆணியைத்தான் அதிக நேரம் நினைத்தேன். ‘வேண்டாம்’ பொத்தானை யாரும் அழுத்தியதே இல்லை என்று டிங் சார் சொன்னது தப்பு. நான் அழுத்தினேன். யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, நானாகவே கற்றுக்கொண்டு அழுத்தினேன். டிங் என்றது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாசல் ஒன்றுதான். பின்பக்கம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வெளியே போக முகத்தைக் காட்டினேன். அதுவரை “வணக்கம், பயிற்சி மாணவரே” என்று சொல்லிக்கொண்டிருந்த பெட்டி, “வணக்கம், ஆசிரியரே” என்றது.

பென்சில் இன்னும் நிமிர்ந்தே நின்றாள்.

“சொல்லிட்டீங்களா டீச்சர்? நாளைக்குக் கதவு திறக்குமா?”

“திறக்கும்” என்றேன்.

ஒரு நிம்மதியோடு கண்ணை இமைத்தாள். இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பிறகு நோட்டை எடுத்து நீட்டினாள். “அன்னிக்கு நடத்தின பாடம் டீச்சர். யாரும் திருத்தவே இல்ல.”

முப்பத்தொரு பேரில் அந்தப் பாடம் எழுத்தில் இருந்தது அந்த ஒரு நோட்டில்தான். பன்னிரண்டு கணக்கு. ஒரு பிழை இல்லை. கடைசிக் கணக்கு, முப்பத்தொன்றை ஐந்தால் வகுத்தது. ஈவு ஆறு, மீதி ஒன்று. அந்த ஒன்றைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தாள்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். அன்று காலையில்தான் புதிதாக வாங்கியது. மதில்மேல் நோட்டை வைத்துப் பன்னிரண்டு கணக்குக்கும் சரி போட்டேன். அவள் குதிகாலை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் கீழ் வலது மூலையில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ‘ஆசிரியர்’ என்று முதல் முறையாக எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.